எந்த மரியான் என்று கேட்டவள்

திரேஸ்புரம், தூத்துக்குடி
9 ஜூன் 2024

அன்புள்ள பாஹிமாவுக்கு,

விஜிலா எழுதுகிறேன். கவரில் என் பெயரைப் பார்த்ததும் இதை மேசைமேல் போட்டுவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாய். பரவாயில்லை. போனில் அழைத்தால் நீ எடுப்பதில்லை, வாட்சப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். கடிதமென்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்தாக வேண்டும், இல்லையா?

முகவரிக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினம் போயிருந்தேன். உன் உம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். பிறகு தேத்தண்ணீர் கொடுத்தார்கள். "எழுதுறது உன் பாடு, படிக்கிறது அவ பாடு. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல வரமாட்டேன்மா" என்று சொல்லி ஒரு தாளில் மஸ்கட் முகவரியை எழுதித் தந்தார்கள். உன் வாப்பா காலமானது அங்கே போய்த்தான் எனக்குத் தெரியும். எனக்குச் சொல்ல யாரும் இல்லாதபடி நான்தானே செய்துகொண்டேன்.

பாஹிமா, நடந்ததை ஒரு தடவையாவது என் கையால் எழுத வேண்டும். தப்பாக இருந்தால் திருத்து.

நாலு வருஷத்துக்கு முன்னால், மதியம் மூன்று மணி. நம் ஆண்கள் வார்டில் அன்றைக்கு இரண்டு மரியான்கள். நாலாம் கட்டிலில் ஒருவர், ஒன்பதாம் கட்டிலில் ஒருவர். டாக்டர் ஜீவமணி போன் செய்து, "மரியானுக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். போனை எடுத்தது நான். ஒன்பதாம் கட்டில்காரருக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் சொல்லும்போது வாயில் நாலு என்று வந்துவிட்டது. நீ டிராலியை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "எந்த மரியான்ளா? நாலா, ஒம்பதா?" என்று இரண்டு தடவை கேட்டாய். நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாலுதான், சொன்னேன்ல, போடுளா" என்றேன்.

அவருக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்ததும் நீதான் ஓடிப்போய் நிறுத்தினாய். இரண்டு நாள் ஐசியுவில் கிடந்து பிழைத்தார். விசாரணையில், "விஜிலாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன் டாக்டர்" என்று நீ சொன்னாய். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் "ஞாபகம் இல்லை டாக்டர்" என்றேன்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

உனக்கு மெமோ கொடுத்தார்கள். நீ வேலையை விட்டுப் போனாய். நான் இங்கேயே இருந்தேன். அந்த நாலாம் கட்டில் மரியான் அண்ணனை வாரம் ஒரு தடவையாவது கரையில் பார்க்கிறேன். வலையைப் பிரித்துக்கொண்டே, "நர்சம்மா, சாப்டியளா?" என்று கேட்கிறார். எனக்கு முகம் சுண்டிப்போகிறது.

மன்னிப்பு கேட்க மட்டும் எழுதவில்லை. போன மாதம் என்னை ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அறுவைக்கு முன் எல்லோரும் பெயர் சொல்லி, நோயாளியைச் சரிபார்த்து, எந்தப் பக்கம் என்று உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. நாங்கள் அறுவை முடிந்த பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதில் டிக் அடிக்கிறோம். எனக்கு இது பிடிக்கவில்லை. நீ இருக்கும் ஆஸ்பத்திரியில் இதை நிஜமாகச் செய்கிறீர்களா? எப்படிச் செய்கிறீர்கள்? உன்னைத் தவிர கேட்க எனக்கு ஆள் இல்லை.

உனக்கும் உன் மாப்பிள்ளை தமீம் அண்ணனுக்கும் மாதாவிடம் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விஜிலா


மஸ்கட்
2 ஜூலை 2024

விஜிலாவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. மூன்று நாள் மேசையில் கிடந்தது, இரண்டு நாள் அல்ல.

திருத்தம் கேட்டிருந்தாய். ஒன்று இருக்கிறது. ரத்தப் பையில் ஒட்டியிருந்த எண்ணையும் அவர் கையிலிருந்த பட்டையையும் நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நீ சொன்னாய் என்று பார்க்காமல் விட்டேன். அது என் பங்கு. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மற்றதெல்லாம் நீ எழுதியபடிதான்.

மெமோவோடு வந்தவளுக்கு இங்கே முதல் ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரி வேலை கிடைக்கவில்லை. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் டோக்கன் கிழித்துக் கொடுத்தேன். வாப்பா கடைசிவரை, "என் மவ அப்பிடிச் செய்யக்கூடியவ இல்ல, ஆனா என்னமோ கவனக்குறைவு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த "ஆனா"வோடு போய்ச் சேர்ந்தார். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பொய் எழுதவும் விருப்பமில்லை.

தியேட்டர் விஷயம் நோயாளிகளைப் பற்றியது. அதனால் பதில் சொல்கிறேன்.

டாக்டரிடமிருந்து ஆரம்பிக்காதே, நடக்காது. உன்னிடமிருந்து ஆரம்பி. தோலில் கத்தி படுவதற்கு முன் ஒரு நிமிஷம் எல்லோர் கையும் சும்மா இருக்க வேண்டும். நீ முதலில் உன் பெயரையும் உன் வேலையையும் சத்தமாகச் சொல். நீ சொன்னால் பக்கத்தில் இருப்பவள் சொல்வாள். ஒரு தடவை வாயைத் திறந்தவர்களுக்கு அடுத்த தடவை திறப்பது சுலபம். அதற்குத்தான் இந்தப் பெயர் சொல்லும் சடங்கு, பெயர் தெரியாததால் அல்ல.

இரண்டாவது, யாராவது ஒரு மருந்தோ எண்ணோ சொன்னால், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமாம்" என்ற பிறகுதான் கை நகர வேண்டும். அவ்வளவுதான்.

உம்மா வீட்டுக்குப் போனதற்கு நன்றி. உன்னைப் பார்த்ததை அவர் போனில் என்னிடம் சொல்லவே இல்லை, பார்த்துக்கொள்.

பாஹிமா


திரேஸ்புரம்
28 ஜூலை 2024

அன்புள்ள பாஹிமா,

பொய் எழுதாததற்கு நன்றி. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை என் வீட்டுக்காரர் ஜாய்சன் பிடுங்கிக்கொண்டார்.

நீ சொன்னபடியே திங்கட்கிழமை ஆரம்பித்தேன். குடல்வால் அறுவை. டாக்டர் ஜீவமணி கத்திக்குக் கையை நீட்டினார். நான் கத்தியைக் கொடுக்காமல், "நான் விஜிலா. தியேட்டர் இன்சார்ஜ்" என்று சத்தமாகச் சொன்னேன். தொண்டை கீச்சென்றது. பன்னிரண்டு வருஷமாக என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். மயக்க டாக்டர் சிரித்துவிட்டு அவர் பெயரைச் சொன்னார். புதுப்பெண் அனிஷா, மூன்று மாதம்தான் ஆகிறது, அவள் என்னமோ முணுமுணுத்தாள், ஒருவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் ஜீவமணியைப் பார்த்தேன்.

"என் பேரா? வெளிய போய் போர்டப் பாரும்மா, ஆறடிக்கு எழுதிப் போட்டிருக்கு. கத்தியக் குடு."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

ஆனால் மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் வேடிக்கை கேள். ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாசானம் அண்ணாச்சி வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் சொல்லி முடித்ததும், "நான் மாசானம். ஆளக் கொண்டாந்தவன்" என்றார், சிப்பாய் மாதிரி விறைப்பாக. டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் அவரைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவரும் தினமும் சொல்கிறார். டாக்டர் மட்டும் சொல்வதில்லை. "ஆரம்பிச்சாச்சா உங்க ஆஜர் பட்டியல்?" என்கிறார்.

வீட்டில் குசினியில் அடுப்பு முன் நின்று இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். ஜாய்சன் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலையில் இருக்கிறார் அல்லவா, மீன் வறுவலைத் தின்றுகொண்டே சிரித்தார். "எங்க கிரேன்காரரு கீழ நிக்கிறவன் சொன்னதத் திருப்பிச் சொல்லாம பெட்டிய ஒரு அடி நவுத்த மாட்டாரு. கீழ நிக்கிறவன் எவன் வேணாலும் கையத் தூக்கினா நிப்பாட்டணும், அவன் கூலியாளா இருந்தாலுஞ் சரி. இரும்புப் பெட்டிக்கே இவ்ளோ பாக்கோம். நீங்க மனுசன அறுக்கிய, இப்பதான் ஆரம்பிக்கியளா?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அதையே எடுத்துக்கொண்டேன். தியேட்டரில் சொல்லிவிட்டேன், யாருக்காவது மனதில் ஏதாவது உறுத்தினால் வாய் வராவிட்டாலும் கையைத் தூக்குங்கள், நான் நிறுத்துகிறேன் என்று. இதுவரை ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

திருப்பிச் சொல்வது மட்டும் ஓட ஆரம்பித்திருக்கிறது. வீட்டிலும் தொற்றிக்கொண்டது. "கால் கிலோ சீலா மீன், அரைக் கிலோ ஊளி" என்று நான் சொன்னால் ஜாய்சன் வாசலில் நின்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார். அப்படியும் சாளைதான் வாங்கி வருகிறார்.

அன்புடன்,
விஜிலா


மஸ்கட்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள விஜிலா,

"ஆளக் கொண்டாந்தவன்" என்பதைப் பஸ்ஸில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்த மலையாளிப் பெண் என்னவென்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொல்லிப் பார்த்தேன். பாதிகூட வரவில்லை.

டாக்டர் சொல்லாவிட்டால் விடு. நீ நிறுத்தாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். பெயர் சொல்வதும் திருப்பிச் சொல்வதும் ஓடத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதாக ஒரு நினைப்பு வரும். இங்கேயும் வந்தது. வாய் பழகிவிடும், காது தூங்கிவிடும். எல்லோரும் "சரி, சரி" என்று கடகடவென்று சொல்லி முடிப்பார்கள். ஒருவர் "சரியில்லை" என்று சொல்கிற நாளில்தான் இது வேலை செய்கிறதா என்று தெரியும். அப்படிச் சொல்பவருக்கு அன்றைக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று கவனித்துப் பார். அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும் நன்றி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த முணுமுணுக்கும் பெண் அனிஷாவைத் திட்டாதே. நானும் அப்படித்தான் இருந்தேன். "கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு" என்று தினமும் கேள். போதும்.

இன்னொரு செய்தி. உம்மாவைத் தவிர இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு மாதம். ஏழு வருஷத்துக்குப் பிறகு. தமீம் என்னை ஒரு தம்ளர்கூட எடுக்க விடுவதில்லை. நேற்று முட்டை பொரித்தார். சட்டியைத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்ல வேண்டும் போலிருந்தது. துஆ செய்.

பாஹிமா


திரேஸ்புரம்
17 நவம்பர் 2024

என் அன்புள்ள பாஹிமா,

உன் செய்தியைப் படித்த அன்றே பனிமய மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் வேலை இழுத்துவிட்டது. இப்போது எழுத நிறைய இருக்கிறது. நீ சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படி.

தேவமணி என்று ஒரு லாரி டிரைவர், ஐம்பத்திரண்டு வயது, குடலிறக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது கேஸ். முதுகில் ஊசி போட்டு, பயப்படுகிறார் என்று தூங்கவும் மருந்து கொடுத்தாயிற்று. குடலிறக்கம் படுத்ததும் உள்ளே போய்விடும், மேலே பார்த்தால் எந்தப் பக்கமென்று தெரியாது. வார்டில் பேனாவால் போட்ட அடையாளம் அவர் குளித்ததில் அழிந்துவிட்டது. அழிந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் பட்டியலைப் பார்த்துப் படித்தேன். "தேவமணி, ஐம்பத்திரண்டு, இடது பக்கக் குடலிறக்கம்." எல்லோரும் "சரி" என்றார்கள். நானும் சரி என்றேன். நீ எழுதியிருந்தாயே, காது தூங்கிவிடும் என்று. அப்படியே.

டாக்டர் கத்தியை வாங்கிவிட்டார். தற்செயலாக நிமிர்ந்தேன். வாசலோரம் மாசானம் அண்ணாச்சி கையைத் தூக்கி நிற்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, பாதி மட்டும் தூக்கி.

பாஹிமா, ஒரு விநாடி நான் பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். நினைத்தேன். பிறகு, "டாக்டர், நில்லுங்க" என்றேன்.

"என்னம்மா இப்ப?"

"மாசானம் அண்ணாச்சி கையத் தூக்கியிருக்காரு."

டாக்டர் திரும்பினார். "என்னவே?"

"தப்பா இருந்தா மன்னிச்சிருங்க டாக்டர். லிப்டுல வரும்போது அவரு வலது பக்கத்தப் பிடிச்சிக்கிட்டு, இங்கனதான்யா கல்லு மாதிரி இறங்குதுன்னு சொன்னாரு. நீங்க எல்லாரும் இடதுன்னு சொல்லுதிய."

அனிஷா கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். தேவமணி கையெழுத்துப் போட்ட தாளில் வலது. ஸ்கேனில் வலது. பட்டியல் அடித்தவர் கை தவறி இடது என்று போட்டிருக்கிறார். "வலது, டாக்டர்" என்றாள் அனிஷா. முதல் தடவையாக அவள் குரல் தியேட்டர் முழுவதும் கேட்டது.

டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்தார். "வலது" என்று திருப்பிச் சொன்னார். பிறகு, "மாசானம், நன்றிவே. நீரு நிப்பாட்டலன்னா அந்த மனுசன நான் சும்மா அறுத்திருப்பேன்" என்றார். அண்ணாச்சி வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாராம்.

அடுத்த கேஸுக்கு நான் வாயைத் திறக்கும் முன்னே ஒரு குரல். "நான் ஜீவமணி. அறுவை செய்யப்போறவன். தப்புப் பண்ணுனா நிப்பாட்டுங்க." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முகக்கவசத்துக்குள்ளே எல்லோரும் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்கானது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் டாக்டர் கேட்டார், "இது மாதிரி முன்னாடி நடந்து, பயந்து சொல்லாம விட்டது இருக்கா? இப்பச் சொல்லுங்க, யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டேன்." நாற்பது பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். மரியான் அண்ணன் விஷயத்தை உனக்கு எழுதினது போலவே சொன்னேன். பாஹிமா இரண்டு தடவை கேட்டாள், நான்தான் நாலு என்றேன், ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். என்ன செய்தாலும் செய்யட்டும் என்றுதான் சொன்னேன்.

டாக்டர் என்னை உட்காரக் கை காட்டினார். பிறகு சொன்னார், "போன்ல மரியான்னு மட்டும் சொல்லி வச்சவன் நான்தாம்மா. கட்டில் நம்பரோ அப்பன் பேரோ சொல்ல எனக்கு நேரமில்ல. கேள்வி கேட்ட ஒரே ஆளு அந்தப் பொண்ணு. அவளுக்குத்தான் மெமோ குடுத்திருக்கேன்."

இத்துடன் அவர் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது. மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் நடந்ததற்கு வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். ஒரு பிரதி உன் உம்மாவுக்கு. நானே கொண்டுபோய்க் கொடுக்கவா என்று கேட்டேன். "இல்லம்மா, நான் போறேன்" என்று டாக்டரே காரை எடுத்துக்கொண்டு காயல்பட்டினம் போனார்.

நாலு வருஷம் தாமதம். தெரியும்.

விஜிலா


மஸ்கட்
5 ஜனவரி 2025

அன்புள்ள விஜிலா,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தமீம் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். அது எனக்குக் கிடைத்த பரிசு இல்லையே, என்னிடமிருந்து எடுத்ததைத்தானே திருப்பித் தந்திருக்கிறார்கள்.

வாப்பா அதைப் படிக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறவில்லை. அதற்கு நீயும் ஒன்றும் செய்ய முடியாது, நானும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் உம்மா இருக்கிறாரே! டாக்டர் கொண்டுவந்த தாளைத் தெருவில் எல்லா வீட்டிலும் வாசித்துக் காட்டியிருக்கிறார். மாமிமார், மச்சிமார் எல்லோரையும் உட்கார வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழே இருக்கும் கையெழுத்து வரை. பெரிய டாக்டரை நாற்காலியில் உட்கார வைத்து வட்டிலப்பம் தின்ன வைத்தாராம். "சர்க்கரை இருக்கும்மா எனக்கு" என்று சொன்னாராம் மனிதர். "இன்னைக்கு ஒரு நாளைக்கித் தின்னுங்க, நீங்க செஞ்சதுக்கு இது கொறச்சல்" என்றாராம் உம்மா. புகழ்ந்து சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று டாக்டருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. இரண்டும்தான்.

நீ ஒரு விநாடி பார்க்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். நான் அந்த வரியைத்தான் அதிகமாகப் படித்தேன். அதை எழுதாமலே விட்டிருக்கலாம், எனக்கு எங்கே தெரியப்போகிறது? எழுதினாய்.

பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறேன். பிப்ரவரி எட்டாம் தேதி டிக்கெட். திருநெல்வேலியிலும் மதுரையிலும் பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருப்பதாகத் தமீம் பட்டியல் போட்டார். உங்கள் டாக்டர் கிரேசி இன்னும் அங்கேதானே பிரசவம் பார்க்கிறார்? அவரிடம் என் பெயரை எழுதிவை.

பாஹிமா


திரேஸ்புரம்
11 மார்ச் 2025

அன்புள்ள பாஹிமா,

முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று ஜாய்சன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நேற்று ஓபி வாசலில் நாம் இருவரும் ஸ்கேனைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினோம். நீ வீங்கிய காலைக் காட்டினாய். நான் உப்பைக் குறை என்றேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கடிதத்தில்தான் நமக்குப் பேச வருகிறது.

குழந்தை தலை மேலே, கால் கீழே இருப்பதால் அறுவைதான் என்று கிரேசி டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். எனக்காக, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக இங்கே வராதே. வேறு ஆஸ்பத்திரி மனதுக்குத் திருப்தியாக இருந்தால் அங்கே போ. நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்பட்டால்தான் என்ன?

இங்கேயே என்றால், அன்றைக்கு நான் முன்னால் நின்று நடத்தவா, வேறு ஒருத்தியை நிற்கச் சொல்லவா? நீ சொல்வதுதான்.

உன்,
விஜிலா


காயல்பட்டினம்
27 ஏப்ரல் 2025

என் விஜிலாவுக்கு,

ஸலாம். மகள் தூங்குகிறாள், அதனால் எழுத முடிகிறது. நஃபீஸா என்று பெயர் வைத்திருக்கிறோம். தையல் இழுக்கிறது. சிரித்தால் வலிக்கிறது, அதனால் மாசானம் அண்ணாச்சியை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அன்றைக்கு உன்னிடம், "நீயே நில்லு" என்று ஒற்றை வரியில் போனில் சொன்னேன். ஏன் என்று நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னுடைய அந்தப் பயம்தான் எனக்குத் தேவைப்பட்டது. பயமில்லாத ஒருத்தி என் பக்கத்தில் நிற்பதை நான் விரும்பவில்லை.

மேசையில் படுத்துக்கொண்டு மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாக என்னைத் தெரிந்த நீ குனிந்து, "உங்க பேரு என்ன? பிறந்த தேதி?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. நானும் புதுசாகப் பார்ப்பவளிடம் சொல்வது போல முழுப் பெயரையும் சொன்னேன். பிறகு ஒவ்வொரு குரலாகக் கேட்டேன். கிரேசி டாக்டர், மயக்க டாக்டர், அனிஷா, நீ. வாசலோரத்திலிருந்து, "மாசானம். இவங்களக் கொண்டாந்தவன்." எத்தனையோ தடவை அந்தப் பக்கம் நின்று இதைச் செய்திருக்கிறேன். படுத்திருப்பவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. என்னைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

குழந்தை அழுததும் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. "டாக்டர், பாட்டில்ல எழுநூறு. துணியெல்லாம் சேத்தா ஆயிரத்தத் தாண்டும்." அனிஷா. முணுமுணுக்கவே இல்லை அந்தப் பெண். கிரேசி டாக்டர், "ஆயிரத்துக்கு மேல. கேட்டேன் அனிஷா" என்றார். ஒருவர் மருந்தின் பெயரைச் சொன்னார், இன்னொருவர் அதே பெயரையும் அளவையும் திருப்பிச் சொன்னார், "குடுத்தாச்சு" என்று மூன்றாவது குரல். ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஓடவில்லை.

ஆயிரம் மில்லி ரத்தம் போயிருக்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? உன் கையைப் பிடித்து, "விஜிலா, எவ்ளோ போவுது?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எந்த நர்சும் சொல்கிறதுதான், "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க." நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீ என் காதருகே குனிந்து, "ஆயிரம் தாண்டிருச்சு பாஹிமா. கர்ப்பப்பை கொஞ்சம் தளர்வா இருக்கு. மருந்து குடுத்திருக்கு, இறுக ஆரம்பிச்சிருக்கு. நின்னதும் நானே சொல்லுதேன்" என்றாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. "நின்னுட்டுளா" என்றாய். நீங்க வாங்க எல்லாம் போய், "ளா" வந்துவிட்டது. தியேட்டரில் அப்படிப் பேசக்கூடாது, இன்சார்ஜ்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை என்று போன வருஷம் எழுதினேன். இப்போதும் அந்த வார்த்தையை எழுதப்போவதில்லை. மேசையில் படுத்துக்கொண்டு நீ சொன்னதை அப்படியே நம்பினேன். அதைவிட என்ன எழுத?

மூன்று மாதம் இங்கேதான் இருப்பேன். இனிமேல் தபால்காரருக்கு வேலை வைக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜாய்சன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. உம்மா காலையிலேயே கறிக்குச் சொல்லிவிட்டார். உன்னிடம் நான் கேட்க வேண்டியதும் நீ என்னிடம் கேட்க வேண்டியதும் மீதி நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் சத்தமாகவே பேசிக்கொள்ளலாம். மகள் உன்னைப் பார்த்து அழுதால் கோபப்படாதே, எல்லோரையும் பார்த்துத்தான் அழுகிறாள்.

வந்ததும் முதலில் கையைக் கழுவு. கழுவாமல் பிள்ளையைத் தொட விட மாட்டேன்.

உன்,
பாஹிமா